சரக்கு மோட்டாரின் தேய்ந்த ஷாக் அப்சார்பரை வீட்டிலேயே மாற்றும் விதம்

செஞ்சிக் கோட்டையில் ராஜகிரியின் அடிவாரத்திலுள்ள பழைய நெற்களஞ்சியத்தைப் பார்த்தவர்கள், விளைந்த தானியத்தைக் காப்பதில் முற்காலத்தவர் எவ்வளவு சிரத்தை கொண்டிருந்தனர் என்பதை அறிவார்கள். அதே சிரத்தை தானியத்தைக் கொண்டுசெல்லும் வண்டியின்மீதும் இருத்தல் வேண்டும். இக்காலத்தில் சுற்றுக் கிராமங்களின் நெல்லும் மணிலாவும் செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திற்குச் சிறு சரக்கு மோட்டார்களில் வந்து சேர்கின்றன. 2005-ஆம் ஆண்டில் டாட்டா ஏஸ் வெளிவந்தது முதல் இவ்வகை வண்டிகள் நாட்டுப்புறங்களிலும் பெருகிவிட்டன. என்ஜினுக்கு எண்ணெய் மாற்றத் தவறாத குடியானவர்களும், சக்கரத்தருகே மறைந்திருக்கும் ஷாக் அப்சார்பரைக் கவனிப்பதில்லை. அதன் பயனையும், மாற்றும் முறையையும் இங்கே விவரிப்போம்.

வில்வண்டியில் சென்றவர்களுக்கு வில்லின் குணம் தெரியும். பள்ளத்தில் இறங்கிய வேகத்தை வில் தாங்கிக்கொள்கிறதேயொழிய அழிப்பதில்லை. ஆகையால் வண்டி பலமுறை மேலுங்கீழும் ஆடுகிறது. மாட்டின் நடைக்கு இதனால் கெடுதி இல்லை. மோட்டாரின் வேகத்திற்கோ இவ்வாட்டம் ஆகாது. இதை அடக்குவதே ஷாக் அப்சார்பரின் வேலை. அது எண்ணெய் நிறைந்த ஒரு குழாய். அதனுள் இயங்கும் பிஸ்டன் சிறு துளைகளின் வழியே எண்ணெயைத் தள்ளுவதால், ஆட்டத்தின் விசை உஷ்ணமாக மாறி வெளியேறுகிறது.

இது தேய்ந்தால் உடம்பு அலுப்புதானே என்று சிலர் நினைப்பது தவறு. துள்ளும் சக்கரம் தரையை விட்டு எழும்பும் க்ஷணத்தில் பிரேக்கினால் பயனில்லை. திருப்பத்திலும் வண்டி வழுகும். மூட்டைப் பாரத்துடன் திண்டிவனம், திருவண்ணாமலைச் சாலையில் செல்லும்போது நாய் குறுக்கிட்டாலும் விபத்து நேரலாம். டயரும் குழிகுழியாகத் தேய்ந்து வீண் செலவு உண்டாகும்.

தேய்ந்ததை அறிய அடையாளங்கள் உண்டு. குழாயின்மேல் இலேசான எண்ணெய்ப் பசை இருப்பது குற்றமன்று. எண்ணெய் வழிந்து புழுதி அப்பியிருந்தால் அது கெட்டதென்று கொள்ளலாம். மூலையை அழுத்திவிட்டுப் பார்க்கும் பரீக்ஷை கார்களுக்குப் பொருந்தும். வில் கடினமான சரக்கு வண்டிக்குப் போதாது. கரடான சாலையில் சில கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தியவுடன், சைலன்சர் படாமல், ஒவ்வொரு குழாயையும் தொட்டுப் பார்க்க வேண்டும். மற்றவை வெதுவெதுப்பாயிருக்க ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால், அது வேலை செய்யவில்லை என்று அர்த்தம். மேடுபள்ளத்தில் 'டக் டக்' என்ற ஓசை கேட்டால் ரப்பர் புஷ்ஷும் தேய்ந்திருக்கலாம்.

புதியவற்றை ஜோடியாகவே வாங்குதல் வேண்டும். ஒருபுறம் புதிதும் மறுபுறம் பழையதுமாயின் வண்டி சமமாக நில்லாது. இச்சாமான் கிடைப்பது அரிதன்று. 1961-இல் ஏற்பட்ட கேப்ரியல் இந்தியா கம்பெனிக்கு ஓசூரிலேயே தொழிற்சாலை உண்டு. வண்டியின் மாடலுக்குரியதைக் கேட்டு வாங்குக.

வீட்டில் மாற்றத்தக்கவை, பட்டை வில்லுக்கு அருகே தனியே பொருத்தப்பட்ட பின்புற ஷாக் அப்சார்பர்களே. முதல் நாளிரவே நட்டுகளில் துரு நீக்கும் எண்ணெயை விட்டு வைக்க வேண்டும். மறுநாள் பாரமில்லாத வண்டியைக் கெட்டியான சமதரையில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுக்கவும். அடியில் கை நுழைய இடமிருந்தால் வண்டியைத் தூக்காமலே வேலை செய்வது மிகவும் உசிதம். தூக்க நேர்ந்தால், கைப்பிரேக் பின்சக்கரங்களையே பிடிக்குமாதலால், அதை மட்டும் நம்பலாகாது. அச்சின் இருபுறமும் உறுதியான ஸ்டாண்டுகளை வைத்த பின்னரே அடியிற் செல்ல வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பியோ, செங்கல்லை அடுக்கியோ அடியிற் படுப்பது உயிருக்கு ஆபத்து.

ஒருபுறத்தை முடித்த பின் மறுபுறத்தைத் தொடுக. கீழ் போல்ட்டை முதலிலும் மேல் போல்ட்டைப் பின்னும் கழற்றி, பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து நீளத்தையும் கண்ணையும் ஒப்பிடவும். புதியதை நிமிர்த்திப் பிடித்து, நான்கைந்து முறை மெதுவாக அழுத்தி நீட்டினால் உள்ளே தங்கிய காற்று நீங்கும். வாயு அடைத்த வகையாயின் அது தானே நீளும். அதன் கட்டுவாரை மேற்புறம் மாட்டிய பிறகே அறுக்க வேண்டும். வாஷரும் புஷ்ஷும் பழைய வரிசையிலேயே அமைய வேண்டும். சக்கரம் தரையில் ஊன்றி வண்டியின் பாரம் இறங்கிய பின்னரே நட்டுகளை முழுதும் முடுக்குக. தொங்கும் நிலையில் முடுக்கினால் ரப்பர் முறுக்கேறிச் சீக்கிரம் கிழியும். நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடியும் முடுக்கம் பார்ப்பது அவசியம்.

சுருள் வில்லோடு சேர்ந்த முன்புற அமைப்பை வீட்டில் பிரிக்கலாகாது. அமுங்கிய வில் தெறித்தால் ஆளைக் கொல்லும். அது தக்க கருவியுள்ள பட்டறைக்குரிய வேலை. பழைய குழாயை நெருப்பிலிடுவதும், அதன் எண்ணெயை வாய்க்காலில் கொட்டுவதும் கூடாது. ஷாக் அப்சார்பர் கெட்டதற்குக் கூடுதல் பட்டை போடுவதும் பரிகாரமாகாது. வில்லின் கடுமை கூடுமேயன்றி ஆட்டம் அடங்காது. பதிவுச் சான்றில் கண்ட எடைக்குமேல் ஏற்றினால் புதியதும் நெடுநாள் உழைக்காது.

அறுவடைக் காலத்தில் மூட்டைகளின்மேல் கூலியாட்களையும் ஏற்றிச் செல்லும் வழக்கம் இன்னும் முற்றும் ஒழியவில்லை. இது சட்டவிரோதம், ஷாக் அப்சார்பர் தேய்ந்த வண்டியிலோ பேராபத்து. ஆகையால் களத்தில் நெல் தூற்றத் தொடங்குமுன் ஒரு காலைப் பொழுதை இச்சோதனைக்கு ஒதுக்குமாறு வண்டியுடைய குடியானவர்களைக் கேட்டுக்கொள்ளுகிறோம். கிராம அதிகாரிகளும் இதனைத் தங்கள் கிராமத்தார்க்கு எடுத்துரைப்பார்களாக.