கட்டளைகளின் இடம்: பரிசுத்தமாகுதல் கோட்பாட்டில் கிருபையும் நியாயப்பிரமாணமும்

சீர்திருத்தத் திருச்சபைகளின் இறையியல், நீதிமானாக்கப்படுதலையும் பரிசுத்தமாகுதலையும் வேறுபடுத்திக் காண்கிறது. முன்னது, கிறிஸ்துவின் நிமித்தம் பாவியை நீதிமானென்று இறைவன் தீர்ப்பது. அதில் கூடுதல் குறைவு இல்லை. பின்னது, அவ்வாறு ஏற்கப்பட்டவரின் வாழ்வைத் தூய ஆவியார் படிப்படியாகப் புதுப்பிப்பது. அது வாழ்நாள் முழுதும் நீள்வது. மீட்பு முற்றிலும் கிருபையால் கிடைப்பதாயின், அதன்பின் பத்துக் கட்டளைகளுக்கு என்ன வேலை? வேலையில்லை எனின் ஒழுக்கம் தளரும். அவற்றைக் கைக்கொள்வதே மீட்பை உறுதிசெய்யும் எனின் மனசாட்சிக்கு ஓய்வு இராது. பதினாறாம் நூற்றாண்டு இதற்குத் தந்த விடைகளை ஞானோபதேச நூல்களின் வரிசைமுறையே காட்டுகிறது.

மார்ட்டின் லூதரின் சிறிய ஞானோபதேசம் (1529) கட்டளைகளை முதலில் வைத்து, விசுவாசப் பிரமாணத்தை அடுத்து வைக்கிறது. நோயை அறிந்தவரே மருந்தை நாடுவர் என்பது இவ்வரிசைக்கு லூதர் கூறிய காரணம். மனந்திரும்புதலை நியாயப்பிரமாணத்தால் அன்றி நற்செய்தியாலேயே போதிக்க வேண்டுமென அவருடைய மாணவர் யோகான் அக்ரிகோலா வாதிட்டபோது, 1537 முதல் லூதர் தொடர் விவாதங்களில் அதனை மறுத்தார். எனினும் அவரது ஞானோபதேசத்தில் கட்டளை குற்றஞ்சாட்டுவதோடு நின்றுவிடவில்லை. கொலை செய்யாதிருத்தலுக்கான விளக்கம், அயலாரின் உடல் துன்பத்தில் உதவுவதையும் கடமையாக்குகிறது.

விசுவாசியின் வாழ்வுக்கு வழிகாட்டுதல் என்னும் இப்பயனையே மெலாங்தன் நியாயப்பிரமாணத்தின் மூன்றாம் பயனாக வகுத்தார். கால்வின் அதனையே முதன்மையானதாகக் கொண்டார்.

இதனை நூலமைப்பாகவே மாற்றியது ஹைடல்பர்க் ஞானோபதேசம் (1563). இதன் 129 வினாக்களும் மனிதனின் அவலம், மீட்பு, நன்றி என்னும் மூன்று பகுதிகளாக அமைந்துள்ளன. நியாயப்பிரமாணம் இதில் இருமுறை வருகிறது. மூன்றாம் வினாவில் அது அவலத்தை உணர்த்துகிறது. அங்குக் கட்டளைகள் விரித்துரைக்கப்படுவதில்லை, இறையன்பு, அயலாரன்பு என்னும் சுருக்கமே தரப்படுகிறது. பத்துக் கட்டளைகள் 92ஆம் வினாவில்தான், அதாவது நன்றியின் பகுதியில், இடம்பெறுகின்றன. களவைப் பற்றிய விளக்கம் கள்ள எடை, கள்ள அளவு, வட்டி ஆகியவற்றையும் களவாகவே எண்ணி, ஏழைக்கு உதவும்பொருட்டு உண்மையாய் உழைக்கச் சொல்கிறது. மீட்கப்பட்டவர் நன்றியை எவ்வாறு செலுத்துவது என்பதற்குச் சந்தையிலும் பட்டறையிலும் விடை காணப்படுகிறது.

ஆயினும் ஓர் இடர் எஞ்சுகிறது. நற்செயல்கள் ஏன் வேண்டும் என்பதற்கு 86ஆம் விடை கூறும் காரணங்களுள், கனிகளைக் கொண்டு தன் விசுவாசத்தை ஒருவர் உறுதிப்படுத்திக்கொள்வதும் ஒன்று. கனி குறைந்தவர் இவ்விடத்தில் கலங்குவது இயல்பே. வெளியேற்றப்பட்ட அச்சம் பின்வாசல் வழியே திரும்பக்கூடும். இதற்கு 114ஆம் வினா ஈடுசெய்கிறது: மிகப் பரிசுத்தமானவர்களும் இம்மையில் இக்கீழ்ப்படிதலின் சிறு தொடக்கத்தையே பெற்றுள்ளனர், ஆயினும் சில கட்டளைகளின்படி மட்டுமன்றி, எல்லாவற்றின்படியும் வாழத் தொடங்குகின்றனர். அப்படியாயின் கட்டளைகளை இத்துணைக் கண்டிப்பாய்ப் போதிப்பானேன் என்று அடுத்த வினா கேட்கிறது. பாவத்தை மென்மேலும் அறிந்து கிறிஸ்துவில் மன்னிப்பை நாடவும், ஆவியின் கிருபைக்காக இடைவிடாது மன்றாடவும் என்பது அதன் விடை. 116ஆம் வினா செபத்தைப் பற்றியது.