'கோ அரவுண்ட்' என்று சொல்லத் தெரியுமா?

2018 அக்டோபர் 12. நள்ளிரவு தாண்டி ஒன்றேகால் மணி வாக்கில் திருச்சி விமான நிலையத்தின் சுற்றுச்சுவர் இடிந்தது. இடித்தது லாரி இல்லை, விமானம். துபாய்க்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் போயிங் 737, எழும்பத் தாமதமாகி, ஓடுபாதைக்கு அப்பாலிருந்த ஆன்டெனாவையும் சுவரையும் தட்டிக்கொண்டு மேலே போயிற்று. உள்ளே 130 பயணிகள், 6 ஊழியர்கள். கருவிகளெல்லாம் ஒழுங்காகத்தான் காட்டுகின்றன என்று விமானிகள் கடலுக்கு மேல் போய்க்கொண்டே இருந்தார்கள். பிறகு கீழிருந்து திருப்பச் சொன்னதால், விடியற்காலையில் மும்பையில் இறக்கினார்கள். யாருக்கும் கீறல் இல்லை. விமானத்தின் வயிறுதான் கிழிந்திருந்தது.

அன்றைக்கே நிறுவனம் தந்த விளக்கத்தில் ஒரு கணக்கு இருந்தது: கேப்டனுக்கு 737 ரகத்தில் மட்டும் சுமார் 3,600 மணி நேரம், துணை விமானிக்குச் சுமார் 3,000. அனுபவம் போதாது என்று யாரும் வாயைத் திறக்க முடியாது. விசாரணை பின்னர் சொன்னது வேறு. ஓடுபாதையில் ஓடும்போது கேப்டனின் இருக்கை முதுகு திடீரெனச் சாய்ந்திருக்கிறது. அந்தத் தடுமாற்றத்தில் எஞ்சின் விசையைக் கூட்டும் நெம்புகோல் பின்னால் இழுபட்டு, வேகத்துக்கான உந்துவிசை குறைந்துவிட்டது. அதைக் கவனிக்க வேண்டியவர்கள் இரண்டு பேர். இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

திருச்சியில் நாங்கள் இருக்கும் எடமலைப்பட்டி புதூரில் தெருவுக்கு நாலு வீடாவது துபாய், ஷார்ஜா, சிங்கப்பூர் என்று ஆள் அனுப்பிய வீடு. முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிறவரை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்ற கேள்வி இங்கே வெறும் பொது அறிவுக் கேள்வி அல்ல. இப்போது அந்த முன் இருக்கைக்கே ஆசைப்படும் பிள்ளைகளும் ஊரில் வந்துவிட்டார்கள். எங்கள் எதிர்வீட்டுப் பெண் ஒருத்தி, அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப், மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பயிற்சி முடித்து, கமர்ஷியல் பைலட் லைசென்ஸோடு வீட்டில் இருக்கிறாள். வேலைக்கான அழைப்புதான் வரவில்லை.

அவளுடைய லாக் புக்கை ஒருநாள் வாங்கிப் பார்த்தேன். நீளவாட்டில் விரியும் நோட்டு. தேதி, விமானத்தின் பதிவெழுத்து, எங்கிருந்து எங்கே, பகலா இரவா, தனியாகவா ஆசிரியரோடா என்று கட்டம் கட்டமாகப் போகிறது. முதல் பக்கங்களில் நாற்பது நிமிடம், ஐம்பது நிமிடம் என்று சில்லறையாகத்தான் சேர்ந்திருக்கிறது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கூட்டுத்தொகை, பயிற்சி ஆசிரியரின் கையெழுத்து. இந்தியச் சட்டப்படி லைசென்ஸுக்கு 200 மணி நேரம் வேண்டும். அதில் 100 மணி நேரம் விமானத்தின் பொறுப்பு பயிற்சி பெறுபவர் கையில் இருந்திருக்க வேண்டும். இரவில் ஐந்து மணி நேரம், கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டியது பத்து மணி நேரம் என்று உள்கணக்குகள் தனி. எழுத்துத் தேர்வுகளில் நூற்றுக்கு 70 எடுத்தால்தான் பாஸ். வழிகாட்டல், வானிலை, விமான விதிகள், தொழில்நுட்பம், அதற்குமேல் ரேடியோ லைசென்ஸ். பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படிக்காத பிள்ளைகள் திறந்தநிலைப் பள்ளியில் அந்த இரண்டு பாடத்தை மட்டும் எழுதிவிட்டு வருகிறார்கள்.

200 மணி நேரம் என்பது கூட்டிப் பார்த்தால் எட்டு நாளும் சொச்சமும்தான். அதை வைத்துக்கொண்டு 180 பேர் உட்காரும் ஏர்பஸ் 320-இல் துணை விமானியாக ஏறலாமா என்று கேட்டால், ஏறலாம். அந்த ரகத்துக்கென்று டைப் ரேட்டிங் பயிற்சி முடித்து, பயிற்சி கேப்டனின் மேற்பார்வையில் ஓட்டிக் காட்டிய பிறகு. இந்தியாவில் கேப்டனாவதற்கான பெரிய லைசென்ஸுக்குத்தான் 1,500 மணி நேரம். அமெரிக்காவிலோ துணை விமானிக்கே பொதுவாக 1,500 கேட்கிறார்கள். 2009 பிப்ரவரியில் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்த பிறகு வந்த சட்டம் அது. அதில் ஒரு முரண் உண்டு. அந்த விமானத்தின் கேப்டனுக்கு 3,300 மணி நேரத்துக்கு மேல், துணை விமானிக்கு 2,200-க்கு மேல். புதிய விதி அன்றைக்கே இருந்திருந்தாலும் மணி நேரக் கணக்கில் இருவருமே தேறியிருப்பார்கள்.

விமான நிறுவனத்தின் நேர்காணலுக்கு வேலை இங்கேதான் ஆரம்பிக்கிறது. அதற்கு முன்னால் கணினியில் திறனறி தேர்வு, மனநிலைத் தேர்வு, தொழில்நுட்ப எழுத்துத் தேர்வு எல்லாம் முடிந்திருக்கும். பெரும்பாலும் சிமுலேட்டரிலும் உட்காரவைத்துப் பார்ப்பார்கள். எதிரே மூத்த கேப்டன் ஒருவரும் மனிதவளத் துறை ஆளும் இருப்பார்கள். புறப்பாட்டை எந்த வேகத்துக்குமேல் நிறுத்தக் கூடாது, ஈரமான ஓடுபாதையில் டயர் எப்போது வழுக்கும், இந்த வானிலைக் குறியீட்டைப் படி என்று கேள்விகள் வரும். படித்தவர்கள் சொல்லிவிடுவார்கள். அப்புறம் ஒரு கேள்வி வரும்: "கேப்டன் தப்பா இறக்குறார். நீங்க சொல்லிட்டீங்க. அவர் கேக்கல. என்ன பண்ணுவீங்க?"

இந்தக் கேள்வியின் பின்னால் ஒரு மலை முகடு இருக்கிறது. 2010 மே 22, மங்களூரு. துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், மேட்டில் வெட்டிய ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 158 பேர் இறந்தார்கள், எட்டுப் பேர் பிழைத்தார்கள். கேப்டனுக்கு 10,000 மணி நேரத்துக்கு மேல் அனுபவம். வழியில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தூங்கியிருக்கிறார். இறங்கும்போது விமானம் வேண்டியதைவிட மிக உயரத்தில் இருந்தது. துணை விமானி மூன்று முறை 'கோ அரவுண்ட்' என்றார். இறக்காதே, மேலே தூக்கி ஒரு சுற்று சுற்றி வா என்று அர்த்தம். கேப்டன் கேட்கவில்லை. துணை விமானியும் கட்டுப்பாட்டைத் தன் கைக்கு எடுக்கவில்லை. 1977-இல் டெனரீஃப் தீவில் இரண்டு ஜம்போக்கள் மோதி 583 பேர் இறந்த கதையும் கிட்டத்தட்ட இதுதான். முன்னால் இருக்கும் விமானம் ஓடுபாதையை விட்டுப் போய்விட்டதா என்று விமானத்துக்குள் இருந்த ஃப்ளைட் எஞ்சினியர் சந்தேகப்பட்டுக் கேட்டார். பெரிய கேப்டன் அதைத் தட்டிக்கழித்துவிட்டார்.

எதிர்வீட்டுப் பெண்ணிடம் இதே கேள்வியை நான் கேட்டேன்.

"மரியாதையா எடுத்துச் சொல்லுவேன், அங்கிள்."

"கேக்கலன்னா?"

"திரும்பச் சொல்லுவேன்."

"அப்பவும் கேக்கலன்னா?"

அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா, "பெரியவங்க ஒண்ணு செஞ்சா காரணம் இருக்கும்மா" என்றார். அவர் வேடிக்கைக்குத்தான் சொன்னார். ஆனால் பதினெட்டு வருஷம் நம் வீடும் பள்ளிக்கூடமும் சொல்லிக் கொடுத்த பாடம் அந்த ஒரு வரிதான். நிறுவனம் எதிர்பார்க்கும் பதில் இதற்கு நேர் எதிர்: முதல் முறை சொல், இரண்டாம் முறை அழுத்திச் சொல், அதற்கும் அசையவில்லை என்றால் 'ஐ ஹாவ் கன்ட்ரோல்' என்று சொல்லிவிட்டுக் கையை வை. பத்தாயிரம் மணி நேரக்காரரின் கையைத் தட்டிவிட இருநூறு மணி நேரக்காரருக்குத் தைரியம் வேண்டும். என்னைக் கேட்டால் நம்மூர்ப் பிள்ளைகள் தடுக்கி விழுவது வானிலையிலோ கணக்கிலோ இல்லை, இந்த இடத்தில்தான்.

ஆளைப் பார்த்து எடைபோடுவது புதிதல்ல. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்த அப்துல் கலாம் 1958-இல் டேராடூனுக்கு விமானப் படைத் தேர்வுக்குப் போனார். இருபத்தைந்து பேரில் எட்டுப் பேரை எடுத்தார்கள், அவர் ஒன்பதாவது. அறிவைவிட ஆளுமைக்கும் பேச்சுத் திறனுக்கும்தான் அங்கே எடை அதிகம் என்று பின்னால் எழுதினார். அந்த எடைக்கல் சரியா தப்பா என்று இன்றைக்கும் வாதாடலாம். விண்வெளித் துறைக்கு லாபம், அது வேறு விஷயம்.

2024 அக்டோபர் 11 மாலை திருச்சிக்காரர்களுக்கு மறக்காது. ஷார்ஜாவுக்குக் கிளம்பிய விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. எரிபொருளை எரித்துக் குறைக்க இரண்டரை மணி நேரம் போல ஊரைச் சுற்றியது. மொட்டை மாடிகளில் ஆட்கள், செல்போனில் விமானத்தின் வட்டம். கேப்டன் இக்ரோம் ரிஃபாட்லியும் துணை விமானி மைத்ரேயி ஷித்தோலேயும் 141 பயணிகளைப் பத்திரமாக இறக்கினார்கள். இரண்டு பேர் சேர்ந்து நிதானமாகச் செய்த வேலை அது. லாக் புக்கில் அதற்கென்று கட்டம் கிடையாது.

பணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். லைசென்ஸ் எடுக்கவே அரைக் கோடியைத் தாண்டுகிறது. டைப் ரேட்டிங்குக்கு இன்னும் பல லட்சம், பெரும்பாலும் சொந்தக் கையிலிருந்து. 2023-இல் ஏர் இந்தியா 470 விமானம், இண்டிகோ 500 விமானம் என்று ஆர்டர் கொடுத்தபோது பிள்ளைகளெல்லாம் பயிற்சிப் பள்ளிக்கு ஓடினார்கள். நிறுவனங்களுக்குத் தட்டுப்பாடு கேப்டன்களில்தான். வேறு நிறுவனம் கொத்திக்கொண்டு போகாமலிருக்க, கேப்டன் ஒரு வருஷமும் துணை விமானி ஆறு மாதமும் நோட்டீஸ் தர வேண்டும் என்று 2017-இல் விதியே வந்தது. இருநூறு மணி நேரத்தோடு வாசலில் நிற்பவர்களுக்கு அந்தப் பற்றாக்குறையால் நேரடிப் பலன் எதுவும் இல்லை. அரசின் ஃபர்சத்கஞ்ச் விமானப் பயிற்சி அகாடமி போன்ற இடங்களில் நுழைவுத் தேர்வு, நேர்காணல் என்று வடிகட்டுகிறார்கள். மற்றபடி பல பிள்ளைகளுக்கு முதல் வடிகட்டி வங்கி மேலாளரின் மேசைதான்.

காத்திருப்பதற்கும் செலவு உண்டு. கருவி பார்த்து ஓட்டும் தகுதியை வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மருத்துவச் சான்றும் அப்படியே. அந்தப் பெண்ணுக்கு இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன. பாராமதிக்கு ரயில் டிக்கெட்டை அப்பா பாஸில் போட்டுவிட்டார், விமான வாடகைக்குத்தான் நகையை எடுத்து வைத்திருக்கிறார்கள்.