உத்தியோகத்தில் உயர ஒரு குணம்

"விரும்பிய படிப்பும் கிடைக்கவில்லை, விரும்பிய வேலையும் அமையவில்லை" என்று திருப்பதியில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் சலித்துக்கொள்வதை அடிக்கடி கேட்கிறேன். அவர்களுக்கு நான் சொல்வது டாக்டர் ராதாகிருஷ்ணன் வாழ்க்கையைத்தான்.

1960 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணியில் 1888-இல் பிறந்தவர். சிறுவயதில் இதே திருப்பதியில் படித்தவர். கல்லூரியில் அவர் தத்துவம் எடுத்தது ஆசைப்பட்டு அல்ல. உறவினர் ஒருவர் தம் பழைய தத்துவப் புத்தகங்களைக் கொடுத்தார். ஏழ்மையில் அந்தச் செலவு மிச்சமாயிற்று. ஆனால் வந்த பாடத்தை அரைமனதாகப் படிக்கவில்லை. 1909-இல் சென்னை மாநிலக் கல்லூரி ஆசிரியர், 1918-இல் மைசூரில் பேராசிரியர், 1936-இல் ஆக்ஸ்போர்டில் பேராசிரியர், 1962-இல் குடியரசுத் தலைவர்!

சிபாரிசு வேலை வாங்கித் தரலாம். கையிலுள்ள வேலையை முழுமனதோடு செய்யும் குணமே மேலே ஏற்றும். அதை நம் வீடுகளில் வளர்ப்போம்.