படம் தியேட்டரில், மீதிக் கதை கேமில்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் தேடும் கேம்களில், தங்களுக்குப் பிடித்த சினிமாவின் பெயர் தாங்கியவை நிச்சயம் இருக்கும். அட்டையில் ஹீரோவின் படம் இருந்தால் போதும், அந்தப் படத்தையே விளையாடப் போகிறோம் என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் மூலக் கதைக்கும் கேமிற்கும் உள்ள உறவு எப்போதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. இதைப் புரிந்துகொள்ள 'தி மேட்ரிக்ஸ்' கேம்களைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

'தி மேட்ரிக்ஸ் ரீலோடட்' படம் அமெரிக்காவில் 2003 மே 15 அன்று வெளியானது. அதே நாளில் 'என்டர் தி மேட்ரிக்ஸ்' கேமும் விற்பனைக்கு வந்தது. உருவாக்கியது ஷைனி நிறுவனம். படத்தை இயக்கிய வச்சோவ்ஸ்கி சகோதரிகளே இதற்கும் கதை எழுதினார்கள். படத்தின் நடிகர்களை வைத்து சுமார் 1 மணி நேரக் காட்சிகளைத் தனியாகப் படமாக்கியும் கொடுத்தார்கள்.

கேமை ஆரம்பித்ததும் ஹீரோ நியோவைத் தேடுவீர்கள். அவராக நீங்கள் விளையாட முடியாது! படத்தில் சிறிது நேரமே வரும் நியோபி, அவருடைய கப்பலில் இருக்கும் கோஸ்ட் ஆகிய இருவரில் ஒருவரைத்தான் தேர்ந்தெடுக்கலாம்.

இதில்தான் விஷயமே இருக்கிறது. எந்திரங்கள் பூமியைத் துளைத்து வருகின்றன என்ற செய்தி ஓசிரிஸ் என்ற கப்பலிலிருந்து வந்ததாகப் படத்தில் நியோபி சொல்வார். அந்தச் செய்தி தபாலில் போடப்படுவதை 'தி அனிமேட்ரிக்ஸ்' கார்ட்டூன் தொகுப்பில் பார்க்கலாம். அதைத் தபால் நிலையத்திலிருந்து மீட்டு வருவது கேமில் உங்கள் வேலை. அதேபோல, படத்தில் லாரியின் மேலிருந்து விழும் மார்ஃபியஸ் சரியாக நியோபியின் கார் மீது வந்து விழுவார். அந்த கார் எப்படி அங்கே வந்தது? நியோபியைத் தேர்ந்தெடுத்திருந்தால் அதை ஓட்டி வந்ததே நீங்கள்தான். கோஸ்ட் என்றால் காரிலிருந்து சுட்டுக்கொண்டே வந்திருப்பீர்கள்.

ஆரக்கிள் பாட்டியாக நடித்த குளோரியா ஃபாஸ்டர் 2001-இல் காலமானதால், மேரி ஆலிஸ் அந்த வேடத்தை ஏற்றார். 2003 நவம்பரில் வந்த மூன்றாவது படத்தில் அந்தப் புது முகத்தைக் கண்டு பலர் திகைத்திருக்கலாம். கேம் விளையாடியவர்களுக்கோ காரணம் ஆறு மாதம் முன்பே தெரியும்.

கேமின் மெனுவில் டாஸ் போன்ற ஒரு கறுப்புத் திரையும் உண்டு. அதில் கட்டளைகளை டைப் செய்து 'ஹேக்' செய்யலாம். டாஸில் பழகியவர்களுக்கு அது தனி சுகம்.

எனக்கு இதில் ஒரு மனக்குறை. டிக்கெட் வாங்கியவருக்கு முழுக் கதை கிடைக்க வேண்டாமா? கேம் விளையாடாதவருக்குப் படத்தில் அங்கங்கே ஓட்டை விழுகிறது. கேமும் அவசரத்தில் முடிக்கப்பட்டது போலவே இருந்தது.

2005-இல் வந்த 'பாத் ஆஃப் நியோ'வில் நீங்களே நியோ. ஆனால் முடிவு வேறு! படத்தில் நியோ தன்னையே தியாகம் செய்வார். ஜாய்ஸ்டிக்கைப் பிடித்திருப்பவருக்கு அது ருசிக்காது என்று கேமுக்குள் வச்சோவ்ஸ்கிகளின் பொம்மை உருவங்களே வந்து விளக்குகின்றன. பிறகு ராட்சத ஸ்மித் ஒருவரோடு மோத விடுகிறார்கள். இந்த ஒளிவுமறைவற்ற பேச்சு எனக்குப் பிடித்தது.

அதே ஆண்டு வந்த 'தி மேட்ரிக்ஸ் ஆன்லைன்' மூன்றாவது படத்துக்குப் பின் கதையைத் தொடர்ந்தது. மார்ஃபியஸ் கொல்லப்படுவதே அதில்தான். ஆனால் 2009 ஜூலை 31 அன்று சர்வர்களை நிறுத்திவிட்டார்கள். சி.டி.யைப் பத்திரமாக வைத்திருந்தாலும் அந்த சர்வர்களில் இனி விளையாட முடியாது. ரசிகர்கள் பதிவு செய்து வைத்த வீடியோக்களைப் பார்க்கலாம்.

'என்டர் தி மேட்ரிக்ஸ்' பழைய சி.டி. கிடைத்தால், முதலில் அனிமேட்ரிக்ஸில் ஓசிரிஸ் கதையைப் பாருங்கள். அடுத்து கேம், அதன் பிறகு ரீலோடட். விண்டோஸ் எக்ஸ்பி காலத்து கேம் என்பதால் இன்றைய விண்டோஸில் தகராறு செய்யலாம். அதன் ஐகானில் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் கம்பாட்டிபிலிட்டி டேபைத் திறந்து, எக்ஸ்பியைத் தேர்ந்தெடுத்து முயன்று பாருங்கள்.