காசநோய்ச் சிகிச்சையில் அரசாங்க வைத்தியமும் தனியார் வைத்தியமும்

மக்களின் வைத்திய வசதி அரசாங்கத்தின் பொறுப்பில் இருத்தல் வேண்டுமா, தனியாரிடம் விடப்படலாமா என்னும் கேள்வி நம் நாட்டில் நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வருகிறது. பணம் கொடுக்க இயலாத காரணத்தால் எவருக்கும் தக்க சிகிச்சை கிட்டாமற் போகலாகாது என்ற கொள்கையை 1946ஆம் ஆண்டில் போர் கமிட்டி எடுத்துரைத்தது. ஆயினும் மக்களின் நடைமுறை வேறாக உள்ளது. 2017-18ஆம் ஆண்டின் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி, ஆஸ்பத்திரியில் தங்காமல் பெறும் சிகிச்சையில் அரசாங்க நிலையங்களின் பங்கு கிராமங்களில் நூற்றுக்கு 33, நகரங்களில் நூற்றுக்கு 26 மட்டுமே. ஆஸ்பத்திரியில் ஒருமுறை தங்கிச் சிகிச்சை பெற ஆகும் சராசரிச் செலவு, அரசாங்க ஆஸ்பத்திரியில் சுமார் 4,450 ரூபாய். தனியார் ஆஸ்பத்திரியில் சுமார் 31,850 ரூபாய்.

இவ்விரண்டில் எது மேலானது என்று பொதுவாக வாதிப்பதைவிட, ஏதேனும் ஒரு நோயை எடுத்துக்கொண்டு, அந்நோயாளி எங்கே செல்கிறார், அங்கே அவருக்கு என்ன நேர்கிறது என்று ஆராய்வது தெளிவு தரும். இதற்குக் காசநோய் மிகவும் ஏற்றது. காற்றின் மூலம் பரவும் இந்நோய், ஒருவருக்குச் சிகிச்சை தவறினால் அவரைச் சூழ்ந்தோரையும் தாக்குகிறது. மருந்தை இடையில் நிறுத்தினால், கிருமி அம்மருந்துக்கே அடங்காததாக மாறிவிடக்கூடும். ஆகவே சிகிச்சை எவ்விடத்தில் நடப்பினும் அது சமூகம் முழுவதன் அக்கறைக்கு உரியது. மேலும், நோயாளி எந்த வாயிலை நாடுகிறார் என்பது பற்றிய முக்கியமான உண்மை ஒன்று பெங்களூரில் நடைபெற்ற ஆராய்ச்சியால் வெளிப்பட்டது.

சானடோரியமும் வீட்டுச் சிகிச்சையும்

ஸ்ட்ரெப்டோமைசின், பி.ஏ.எஸ்., ஐசோனியாசிட் ஆகிய மருந்துகள் வருவதற்கு முன்னர், நல்ல காற்றும் ஓய்வும் சத்துணவுமே காசநோய்க்குச் சிகிச்சை எனக் கருதப்பட்டன. அதற்காகச் சானடோரியங்கள் அமைக்கப்பட்டன. ஆனால் 1955 முதல் 1958 வரை இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கவுன்சில் நடத்திய மாதிரிக் கணக்கெடுப்பு, இந்நோய் நகரங்களைப் போலவே கிராமங்களிலும் பரவியிருப்பதைக் காட்டியது. நோயாளிகள் அனைவருக்கும் படுக்கை அளிப்பது நாட்டின் சக்திக்கு அப்பாற்பட்டது என்பது தெளிவாயிற்று.

இந்நிலையில், 1956ஆம் ஆண்டில் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் தொடங்கப்பட்டது. இன்று இது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் எனப்படுகிறது. சானடோரியத்தில் தங்கிய நோயாளிகளையும், நெருக்கடியான வீடுகளில் இருந்தபடியே மருந்து உண்ட நோயாளிகளையும் இந்நிலையம் ஒப்பிட்டு ஆராய்ந்தது. மருந்து ஒழுங்காக உட்கொள்ளப்படுமாயின் வீட்டுச் சிகிச்சையும் ஏறத்தாழ அதே பலனைத் தரும் என்று 1959ஆம் ஆண்டில் அதன் முடிவு வெளியாயிற்று. வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் அதனால் கூடுதலான அபாயம் நேரவில்லை. ஆகவே, கட்டடமும் படுக்கையும் அல்ல, நோயாளியைக் கண்டறிவதும் மருந்தை முடிவுவரை கொடுப்பதுமே இன்றியமையாதவை என்று ஆயிற்று. ஆனால் லட்சக்கணக்கான கிராமங்களில் நோயாளியைக் கண்டறிவது எவ்வாறு?

பெங்களூரில் நிகழ்ந்த ஆராய்ச்சி

இக்கேள்விக்கு விடை காணும் பணி, 1959ஆம் ஆண்டில் பெங்களூரில் அமைக்கப்பட்ட தேசியக் காசநோய் நிலையத்திடம் ஒப்படைக்கப்பட்டது. பெல்லாரி சாலையில் அவலான் எனப்படும் மாளிகையில் அமைந்த இந்நிலையத்தை, 1960ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் தேதி பிரதமர் ஜவாஹர்லால் நேரு திறந்துவைத்தார். உலக சுகாதார ஸ்தாபனமும் யூனிசெஃப்பும் இதற்கு உதவி புரிந்தன. பிற்காலத்தில் உலக சுகாதார ஸ்தாபனத்தின் தலைமைப் பதவியை வகித்த டாக்டர் ஹால்ஃப்டன் மாலர் இதன் தொடக்ககால ஆலோசகர்களுள் ஒருவர்.

கிராம மக்கள் அறியாமை மிக்கவர்கள், நோயை மறைப்பவர்கள், ஆகவே எக்ஸ்ரே வண்டியுடன் அவர்களைத் தேடிச் சென்றாலன்றி நோயைக் கண்டறிய இயலாது என்பது அக்காலத்தில் பரவலான எண்ணம். டாக்டர் டி. பானர்ஜி, டாக்டர் ஸ்டிக் ஆண்டர்சன் ஆகிய இருவரும் இவ்வெண்ணத்தைச் சோதித்துப் பார்த்தனர். பெங்களூருக்கு அருகிலுள்ள தும்கூர் ஜில்லாவில் காசநோய்க் கணக்கெடுப்பு நடந்திருந்தது. அதில் நோய் இருப்பதாக அறியப்பட்டவர்களை வீடு தேடிச் சென்று, அவர்களுடைய உடல்நிலை பற்றியும் அவர்கள் மேற்கொண்ட முயற்சிகள் பற்றியும் விசாரித்தனர். இந்த ஆய்வு 1963ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

அதன் முடிவு எதிர்பாராதது. சளியில் கிருமி காணப்பட்டவர்களுள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தம் உடலில் ஏதோ கோளாறு உள்ளதை உணர்ந்தே இருந்தனர். பத்தில் ஏழு பேர் அதுபற்றிக் கவலை கொண்டிருந்தனர். ஏறத்தாழப் பாதிப்பேர் சிகிச்சை நாடி வைத்திய நிலையங்களுக்கு ஏற்கெனவே சென்று வந்திருந்தனர். அங்கே அவர்களுட் பெரும்பாலோருக்குச் சளிப் பரிசோதனை நடைபெறவில்லை. இருமல் மருந்து ஒரு புட்டி கொடுக்கப்பட்டு, அவர்கள் வீடு திரும்பினர்.

நோயாளி வராதது குறையன்று. வந்த நோயாளியை நிலையம் இனங்கண்டு கொள்ளாததே குறை என்பது இதனால் விளங்கிற்று. தேடிச் செல்வதற்கு முன்னர், தேடி வருபவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்தல் முறை. இந்த அடிப்படையில் வகுக்கப்பட்டதே 1962ஆம் ஆண்டில் தொடங்கிய ஜில்லாக் காசநோய்த் திட்டம். தனி ஆஸ்பத்திரிகளை எங்கும் எழுப்புவதற்குப் பதிலாக, ஏற்கெனவே உள்ள சுகாதார நிலையங்களிலேயே மைக்ராஸ்கோப் மூலம் சளியைப் பரிசோதிக்கவும், மருந்து வழங்கவும் இத்திட்டம் வழிகோலியது.

அரசாங்க வாயிலின் குறைகள்

திட்டம் சிறந்ததாயினும் நடைமுறை அதற்கு ஈடாகவில்லை. மருந்து இருப்புத் தட்டுப்பட்டது. ஓராண்டுக்கும் மேலாக மருந்து உண்ண வேண்டியிருந்தமையால் பலர் இடையில் நிறுத்தினர். 1992ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கமும் உலக சுகாதார ஸ்தாபனமும் சேர்ந்து நடத்திய பரிசீலனையில், சிகிச்சையை நிறைவு செய்தோர் பாதியளவுகூட இல்லை என்று தெரிய வந்தது. அதன்பின் திட்டம் திருத்தியமைக்கப்பட்டு, 1997 முதல் படிப்படியாக விரிவாக்கப்பட்டு, 2006ஆம் ஆண்டில் நாடு முழுவதற்கும் எட்டியது. ரிஃபாம்பிசின் முதலிய மருந்துகளால் சிகிச்சைக் காலம் ஆறு மாதங்களாகக் குறைந்ததும் பெரும் துணையாயிற்று.

தனியார் வாயிலின் குறைகள்

எனினும், நோயாளிகளுட் பெரும் பகுதியினர் தனியார் வைத்தியரையே முதலில் நாடுகின்றனர். இதற்குக் காரணங்கள் பல. தனியார் வைத்தியர் வீட்டுக்கு அருகில் இருக்கிறார். மாலை வேளையிலும் அவரைக் காண இயலும். அதனால் ஒருநாள் கூலி வீணாவதில்லை. நோய் இன்னதென்று அயலார்க்குத் தெரியாமல் இருக்கும் என்ற நம்பிக்கையும் உண்டு.

ஆனால் அங்கே கிட்டும் சிகிச்சை ஒரே தன்மையதாக இல்லை. 1991ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், பம்பாயில் 100 தனியார் வைத்தியர்கள் காசநோய்க்கு 80 வெவ்வேறு மருந்து முறைகளை எழுதிக் கொடுத்தது தெரிந்தது. 2014ஆம் ஆண்டில் டில்லியில் நடந்த ஆய்வொன்றில், காசநோய்க் குறிகளைக் கூறும்படி பயிற்சி பெற்றவர்கள் நோயாளிகளைப் போலத் தனியார் வைத்தியர்களிடம் அனுப்பப்பட்டனர். முறையான படிப்புள்ளவரும் இல்லாதவரும் அவ்வைத்தியர்களுள் இருந்தனர். 250 தடவைகளில், விதிமுறைக்கு ஒத்த கவனிப்புக் கிட்டியது நூற்றுக்குச் சுமார் 21 வீதமே. சளிப் பரிசோதனைக்கு அனுப்பியோர் சிலர். வேறு ஆன்டிபயாட்டிக் மருந்துகளைக் கொடுத்தோர் பலர்.

தும்கூரில் அரசாங்க நிலையம் கொடுத்த இருமல் மருந்துப் புட்டிக்கும், டில்லியில் தனியார் வைத்தியர் கொடுத்த ஆன்டிபயாட்டிக் மருந்துக்கும் இடையே ஐம்பது ஆண்டுகள் கழிந்துள்ளன. ஆயினும் பிழை ஒன்றேதான்: இருமலுடன் வந்தவரின் சளி பரிசோதிக்கப்படவில்லை.

தனியார் வைத்தியத்தில் மற்றுமொரு குறையும் உண்டு. நோயாளி இரண்டு மாதங்களில் உடல் தேறியவுடன், அல்லது கைப்பணம் தீர்ந்தவுடன், வருவதை நிறுத்திவிட்டால், அவரைத் தேடி வீட்டுக்குச் செல்ல அங்கே ஊழியர் இல்லை. அரசாங்கத் திட்டத்தில் அத்தகைய ஊழியர் இருக்கிறார்; ஆனால் நோயாளி அங்கே பதிவாகவில்லை. 2014ஆம் ஆண்டின் மருந்து விற்பனையைக் கொண்டு கணக்கிட்ட ஆராய்ச்சியாளர்கள், அவ்வாண்டில் சுமார் 22 லட்சம் பேர் தனியாரிடம் காசநோய்ச் சிகிச்சை பெற்றிருக்கலாம் என மதிப்பிட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் அரசாங்கப் பதிவேட்டில் இடம்பெறாதவர்கள்.

இரு வாயிலுக்கும் ஒரே பதிவேடு

இவ்விடைவெளியை நிரப்பவே, காசநோயாளி ஒவ்வொருவரையும் பற்றித் தனியார் வைத்தியரும் அரசாங்கத்துக்கு அறிவித்தல் வேண்டும் என 2012ஆம் ஆண்டில் உத்தரவிடப்பட்டது. இதற்கென நிக்‌ஷய் என்னும் கணினிப் பதிவேடு ஏற்படுத்தப்பட்டது. 2014 முதல் காசநோய் மருந்துகளை விற்கும் கடைக்காரர் அவ்விற்பனைக்குத் தனிக்கணக்கு வைத்தல் கட்டாயமாயிற்று. 2018 முதல், நோயாளியை அறிவிக்கும் தனியார் வைத்தியருக்கு 500 ரூபாயும், சிகிச்சையின் முடிவைத் தெரிவித்தால் மேலும் 500 ரூபாயும் ஊக்கத்தொகையாக வகுக்கப்பட்டன. அதே ஆண்டில், நோயாளிக்குச் சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய் வழங்கும் திட்டம் தொடங்கியது. 2024ஆம் ஆண்டு நவம்பர் முதல் இத்தொகை 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. தனியாரிடம் சிகிச்சை பெறுபவரும், பதிவு செய்துகொண்டால், இத்தொகைக்கு உரியவரே.

2013ஆம் ஆண்டில் தனியார் வாயிலாக அறிவிக்கப்பட்டவர்கள் 40,000 பேருக்கும் குறைவு. 2023ஆம் ஆண்டில் நாடெங்கும் அறிவிக்கப்பட்ட சுமார் 25 லட்சம் நோயாளிகளுள், ஏறத்தாழ 8.4 லட்சம் பேர் தனியார் வாயிலாக வந்தவர்கள். உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பீட்டின்படி, ஒரு லட்சம் மக்களுக்கு ஆண்டுதோறும் புதிதாக நோயுறுவோர் 2015இல் 237 பேராக இருந்து, 2023இல் 195 பேராகக் குறைந்துள்ளனர். எனினும் பதிவு செய்தல் வேறு, குணமடைதல் வேறு என்பதை மறத்தலாகாது. பெயர் எழுதப்பட்டதும் வேலை முடிவதில்லை, அப்போதுதான் தொடங்குகிறது.

பரிசோதனைக் கருவியிலும் இருசாராரின் கூட்டு முயற்சி பலன் தந்துள்ளது. பெங்களூரிலுள்ள பிக்டெக் என்னும் தனியார் ஆராய்ச்சிக் கூடத்தில் உருவான ட்ரூநாட் என்னும் சிறிய கருவி, சளியிலுள்ள கிருமியின் மரபுப் பொருளைச் சுமார் ஒரு மணி நேரத்தில் கண்டறிகிறது. பாட்டரியால் இயங்குவதால், மின்சாரம் அடிக்கடி தடைப்படும் சிற்றூர் நிலையங்களுக்கும் இது ஏற்றது. 2020ஆம் ஆண்டில் உலக சுகாதார ஸ்தாபனம் இதனை அங்கீகரித்தது. தனியார் கூடத்தில் பிறந்த கருவி, இன்று அரசாங்க நிலையங்களில் ஏழை மக்களுக்கு இலவசமாகப் பயன்படுகிறது.

ஊழியர்களும் ஆசிரியர்களும் ஆற்றத்தக்க பணி

கள ஊழியர் வீடுகளுக்குச் செல்லும்போது, இரண்டு வாரங்களுக்கு மேற்பட்ட இருமல், மாலை நேரக் காய்ச்சல், உடல் மெலிவு, சளியில் இரத்தம் ஆகியவை எவருக்கேனும் உண்டா என விசாரித்தல் வேண்டும். அத்துடன் நின்றுவிடாமல், இதற்காக எங்கே சென்றீர்கள், அங்கே சளியைப் பரிசோதித்தார்களா என்றும் கேட்டல் அவசியம். தனியார் வைத்தியரிடம் சென்றதற்காக நோயாளியைக் கடிந்துகொள்வது பயனற்றது. அவ்வாறு கடிந்தால் அவர் அடுத்த முறை உண்மையைக் கூறமாட்டார். அதே வைத்தியரிடம் சிகிச்சை பெற்றவாறே, சளிப் பரிசோதனையையும் மருந்தையும் அரசாங்கத் திட்டத்திலிருந்து இலவசமாகப் பெற வழியுண்டு என்பதை எடுத்துக் கூறலாம். அவ்வைத்தியரையும் நேரிற் கண்டு பேசினால், பதிவு செய்வதில் அவருக்குள்ள தயக்கம் பெரும்பாலும் நீங்கும்.

சில வாரங்களில் இருமல் நின்றுவிடுவது குணமானதற்கு அறிகுறியன்று. ஆறு மாத மருந்தையும் முடித்தால்தான் கிருமி ஒழியும். இதை நோயாளிக்கு மட்டுமன்றி, வீட்டிலுள்ள மூத்தோருக்கும் எடுத்துச் சொல்லுதல் நன்று. அவ்வீட்டுக் குழந்தைகளையும் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லல் வேண்டும்.

ஆசிரியரின் சொல்லுக்குக் கிராமத்தில் தனி மதிப்புண்டு. மாணவன் ஒருவன் அடிக்கடி வராமலிருப்பின், அவன் வீட்டில் நோயாளி உண்டா என்று ஆசிரியர் பரிவுடன் அறிந்துகொள்ளலாம். காசநோய் பரம்பரைச் சாபமன்று, கிருமியால் வருவது, குணப்படுத்தக்கூடியது என்று வகுப்பில் விளக்கினால், நோயை மறைக்கும் வழக்கம் நாளடைவில் மறையும்.

அரசாங்க வாயிலானாலும் தனியார் வாயிலானாலும், நோயாளி தாமாகவே வந்து தட்டுகிறார் என்பது பெங்களூர் ஆராய்ச்சி கற்பித்த பாடம். அவருடைய சளியைப் பரிசோதிப்பதும், பெயரைப் பதிவு செய்வதும், கடைசி மாத்திரை வரை அவரைக் கைவிடாதிருப்பதும் இரு வாயிலில் உள்ளோருக்கும் பொதுவான கடமையாகும்.