சிலிக்கோன் நுண்பாய்மச் சில்லுகளில் நீர்விரும்பும் பலபடிப் பூச்சு

நீர்விரும்பும் பலபடிப் பூச்சு என்பது சிலிக்கோன் நுண்பாய்மச் சில்லின் வாய்க்கால் சுவர்களில் நீரை ஈர்க்கும் பலபடியை மெல்லிய படலமாகப் படியச் செய்து, சுவர் நீரை ஏற்கும்படி மாற்றும் முறையாகும். இத்தகைய சில்லுகள் பெரும்பாலும் பாலிடைமெத்தில்சிலாக்சேன் (பி.டி.எம்.எஸ்.) என்னும் ரப்பர் போன்ற பொருளால் ஆனவை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் வைட்சைட்ஸின் குழு 1998இல் வெளியிட்ட விரைவு வார்ப்பு முறைக்குப் பின் இவை ஆய்வகங்களில் பரவின.

பூச்சின் தேவை

பி.டி.எம்.எஸ். மூலக்கூறில் சிலிக்கனும் ஆக்சிஜனும் மாறி மாறி அமைந்த சங்கிலியில் மெத்தில் தொகுதிகள் இணைந்துள்ளன. இவை நீருடன் ஹைட்ரஜன் பிணைப்பை உருவாக்குவதில்லை. எனவே இதன் மீது நீர்த்துளியின் தொடுகோணம் ஏறத்தாழ 110 பாகையாக உள்ளது. தொடுகோணம் 90 பாகைக்கு மேற்பட்டால் அப்பரப்பு நீர்வெறுக்கும் பரப்பு எனப்படும்.

100 மைக்ரோமீட்டர் அகலமும் 50 மைக்ரோமீட்டர் உயரமும் கொண்ட வாய்க்காலின் நான்கு சுவர்களும் இவ்வாறு இருந்தால், நீர் உள்ளே நுழைய ஏறத்தாழ 1,500 பாஸ்கல், அதாவது 15 செ.மீ. உயர நீரின் அழுத்தம், தேவைப்படும். தொடுகோணம் 30 பாகையாகக் குறைந்தால் நீர் தானாகவே உள்ளிழுக்கப்படும். நீர்வெறுக்கும் சுவரில் காற்றுக்குமிழிகள் தங்குவதும், புரதங்கள் ஒட்டிக்கொண்டு சோதனை முடிவைப் பிழையாக்குவதும் பிற சிக்கல்கள்.

பிளாஸ்மாவும் அதன் குறையும்

ஆக்சிஜன் பிளாஸ்மா மெத்தில் தொகுதிகளை நீக்கிச் சிலனால் தொகுதிகளை உருவாக்குவதால் பரப்பு உடனே நீர்விரும்பும் தன்மை பெறுகிறது. ஆனால் பொருளின் உள்ளே பிணையாமல் இருக்கும் சிறு சங்கிலிகள் மெல்ல மேலே வந்து பரப்பை மூடுகின்றன. காற்றில் வைத்த சில்லு சில மணி நேரம் முதல் சில நாட்களுக்குள் பழைய நிலையை நோக்கித் திரும்புகிறது. நீரில் மூழ்கவைத்தால் இம்மாற்றம் தாமதமாகும். ஆகவே பிளாஸ்மா பெரும்பாலும் பூச்சுக்கு முந்தைய படியாகவே பயன்படுகிறது.

முக்கியப் பூச்சு முறைகள்

பாலிவினைல் ஆல்கஹால் படிவு: பிளாஸ்மா செய்த உடனே வாய்க்காலில் இதன் நீர்த்த கரைசல் நிரப்பப்படுகிறது. இப்பலபடியின் ஹைட்ராக்சில் தொகுதிகள் சிலனால் தொகுதிகளுடன் ஹைட்ரஜன் பிணைப்பால் இணைகின்றன. பின்னர் கரைசலை வெளியேற்றிச் சில்லைச் சூடாக்குவர். தேவைக்கேற்ப இது மீண்டும் செய்யப்படும்.

அடுக்கடுக்கான படிவு: பிளாஸ்மா செய்த சுவர் நீரில் எதிர்மின் சுமை பெறுகிறது. அதன் மீது நேர்மின் பலபடியும் எதிர்மின் பலபடியும் மாறி மாறிச் செலுத்தப்பட்டு அடுக்குகளாகக் கட்டப்படுகின்றன.

ஒட்டுப் பலபடியாக்கம்: சுவரில் பென்சோபீனோன் ஊறவைக்கப்பட்டு, அக்ரிலிக் அமிலம் போன்ற ஒருபடியின் கரைசல் நிரப்பப்பட்டுப் புற ஊதா ஒளி செலுத்தப்படுகிறது. பலபடி சகப்பிணைப்பால் சுவருடன் இணைவதால் எளிதில் கழுவிப்போவதில்லை. ஒளி பட்ட இடத்தில் மட்டும் பூச்சு உருவாகும்.

துளிகளை உருவாக்கும் சில்லுகள்

சுவரை நனைக்கும் திரவமே துளிகளைச் சூழ்ந்து ஓடும். எண்ணெயில் நீர்த்துளிகளை உருவாக்க இயல்பான பி.டி.எம்.எஸ். போதும், நீரில் எண்ணெய்த்துளிகளை உருவாக்க நீர்விரும்பும் சுவர் தேவை. எண்ணெய்த்துளிக்குள் நீர்த்துளியும், அதைச் சூழ்ந்து நீரும் உள்ள இரட்டைப் பால்மத்துக்கு, ஒரே சில்லின் ஒரு பகுதியில் மட்டும் பூச்சு இடப்படுகிறது.

வரம்புகள்

தடித்த பூச்சு குறுகிய வாய்க்காலை அடைத்துவிடலாம். தட்டையான துண்டில் அளந்த தொடுகோணம் மட்டும், வாய்க்காலுக்குள் பூச்சு சீராகப் படிந்ததற்குச் சான்றாகாது. மேலும் பி.டி.எம்.எஸ். நீர்வெறுக்கும் சிறு மருந்து மூலக்கூறுகளைத் தன்னுள் உறிஞ்சிக்கொள்கிறது. நீரில் உப்பும் மெல்லிய பலபடிப் படலம் இதை முற்றிலும் தடுப்பதில்லை. இதனால் செல்களைச் சென்றடையும் மருந்தின் அளவு, செலுத்தியதைவிடக் குறையக்கூடும். அத்தகைய சோதனைகளில் பூச்சிட்ட சில்லிலும் மருந்தின் இழப்பைத் தனியே அளக்க வேண்டும், அல்லது கண்ணாடிச் சில்லைப் பயன்படுத்த வேண்டும்.