கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள்!

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் சமயத்தில்தான் நம் வீட்டுப் பரண்களுக்கு விமோசனம். தகரப் பெட்டி இறங்கும்; எல்லோருக்கும் தும்மல் வரும்; "இந்தக் குப்பை எதற்கு?" என்று ஒரு குரல் கேட்கும். பெட்டிக்குள் ராஜா தலையும் ராணி தலையும் போட்ட தபால்தலைகள் தென்பட்டால் மட்டும் அதே குரல், "பழசாச்சே! லட்சக் கணக்கில் போகுமாமே!" என்று மாறிவிடும்.

ஆம்பூரில் ஒரு வீட்டில் நடந்ததும் இதுதான். அந்த அம்மாளுடைய கணவரின் தாத்தா தோல் மண்டியில் கணக்கு எழுதியவர். மண்டிக்கு வந்த கடிதங்களைக் கட்டுக் கட்டாகச் சேர்த்து வைத்திருந்தார். பிற்பாடு பாதிக் கட்டு இங்கே தங்கிவிட்டது. பாதி வாணியம்பாடியில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போய்விட்டது. கணவர் காலமாகி இரண்டு வருஷம். பெண் இந்த வருஷம் காலேஜில் சேர வேண்டும்.

எனக்குச் சிறு வயது முதல் தபால்தலைப் பைத்தியம் உண்டு என்று யாரோ சொல்லி என்னை வரவழைத்திருந்தார். பீங்கான் தட்டில் இருநூறு தலைகளுக்கு மேல் இருக்கும். ஒவ்வொன்றையும் கவரிலிருந்து நறுக்கி, தண்ணீரில் ஊறவைத்து, உலர்த்தி அழகாக அடுக்கியிருந்தார்.

"கவர்கள் எங்கே?" என்றேன்.

"வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டேன். எதற்கு?"

எப்படிப் பதில் சொல்வது? தட்டையே பார்த்துக் கொண்டிருந்தேன்.

பழசு எல்லாம் அபூர்வம் அல்ல, பாருங்கள். உலகத்தின் முதல் தபால்தலை 1840-ல் இங்கிலாந்தில் வந்த கறுப்பு ஒரு பென்னி. அதையே சுமார் ஆறு கோடியே எண்பது லட்சம் அச்சடித்தார்கள். இன்றும் வேண்டுகிறவருக்குக் கிடைக்கிறது. காந்தியடிகள் படம் போட்டு 1948-ல் வந்த பத்து ரூபாய்த் தலையோ அவ்வளவு பழசு இல்லை. ஆனால் அதில் 'சர்வீஸ்' என்று மேலச்சு இட்டது நூறே நூறுதான். அவற்றில் நான்கு சேர்ந்த ஒரு துண்டு 2017-ல் ஐந்து லட்சம் பவுனுக்கு விலை போயிற்று.

இந்தியா முழுவதற்குமான தலைகள் 1854 அக்டோபரில் வந்தன. கல்கத்தாவில் கல்லச்சில் அடித்தவை. அரையணா நீலம், ஓரணா சிவப்பு. நாலணாவுக்குச் சிவப்புக் கட்டம், நடுவில் நீல நிறத்தில் விக்டோரியா ராணி. சில தாள்களில் ராணியின் தலை கீழாக அச்சாகிவிட்டது. அந்தப் பிழைத் தலைகளில் முப்பதுக்கும் குறைவாகவே இன்று மிஞ்சியிருக்கின்றன. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு முதல் ரயில் ஓடிய 1856 ஜூலையில், இந்த அரையணாவுக்கு இரண்டு வயதுகூட நிரம்பவில்லை! இவற்றின் ஓரத்தில் பல் இருக்காது; கத்தரித்துத்தான் ஒட்டினார்கள். உங்கள் பெட்டியில் ஓரம் வழவழவென்று இருக்கும் விக்டோரியா கிடைத்தால், அதைத் தனியே எடுத்து வையுங்கள்.

பல் உள்ளவற்றில் எழுத்தைப் படியுங்கள். கம்பெனி ஆட்சி 1858-லேயே போய்விட்டது. தலையில் மட்டும் 'ஈஸ்ட் இந்தியா போஸ்டேஜ்' என்பது 1882 வரை போகவில்லை. சர்க்கார் காரியம்! பிறகு தலையைக் கறுப்புக் காகிதத்தின் மேல் கவிழ்த்து வைத்துப் பாருங்கள். காகிதத்துக்குள் நீரோட்டமாக ஒரு குறி தெரியலாம். யானைத் தலை என்றால் 1865-க்குப் பிறகு வந்தது. நட்சத்திரம் என்றால் 1882-க்குப் பிறகு வந்தது. ஐந்தாம் ஜார்ஜ் தலையில் சிறு நட்சத்திரங்கள் இறைந்து கிடந்தால், அது லண்டனில் அச்சானது அல்ல, நம் நாசிக்கில் 1926 முதல் அச்சானது.

தட்டில் இருந்தவை பெரும்பாலும் இந்த ஜார்ஜ்தான். கால்வாசியின் குறுக்கே பேனாக் கையெழுத்து. 'போஸ்டேஜ் அண்ட் ரெவின்யூ' என்று 1906 முதல் அச்சிட்ட அரையணா, ஓரணாத் தலைகளைப் பணம் பெற்ற ரசீதுக்கும் ஒட்டலாம். மண்டிக் கணக்கில் வேறு என்ன இருக்கும்? இவை ஒன்றுக்குச் சில ரூபாய் கிடைப்பதே பெரிது.

ஆனால் கவரோடு இருந்திருந்தால் கதை வேறு. ஆவாரம்பட்டையில் பதனிட்ட நம் பக்கத்துத் தோல் லண்டன் சந்தைக்குப் போன காலம் அது. ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று ஊர் முத்திரை தெளிவாக விழுந்த கவர், எந்த வழியாக, எத்தனை நாளில் வந்தது என்று காட்டும் பின்பக்க முத்திரை - சேகரிப்பவர் தேடுவது இவற்றைத்தான். நறுக்கிய தலையில் முத்திரையின் கால் பங்குதானே மிஞ்சும்?

இன்னொன்று. விலைப் பட்டியல் புத்தகத்தில் போட்டிருப்பது, குறையில்லாத தலையைக் கடைக்காரர் நமக்கு விற்கும் விலை. நம்மிடம் வாங்கும் விலை அல்ல. இந்த அம்மாளிடம் ஒருவர் எடை போட்டு வாங்கிக் கொள்வதாகவே சொல்லியிருந்தார்!

புறப்படும்போது பெட்டியின் அடியில் ஒரு கவர் கண்ணில் பட்டது. "அது கிழிசல், ஒட்டுப் போட்டது" என்றார். எடுத்துப் பார்த்தேன். லண்டனிலிருந்து 1941-ல் வந்தது. ஓரத்தைப் பிரித்து, மேலே ஒரு காகிதப் பட்டி ஒட்டியிருந்தது. யுத்த காலத்தில் தணிக்கை அதிகாரி பிரித்துப் படித்ததாக அதில் அச்சு. கூடவே ஓர் எண். பின்னால் ஆம்பூர் முத்திரை.

"இந்த ஒட்டுதான் இதற்கு மதிப்பு" என்றேன். "காலேஜ் சம்பளத்துக்கு இது ஆகாது. ஆனால் தட்டில் இருப்பதை விட்டுவிட்டு இதைத்தான் முதலில் கேட்பார்கள்."

அவர் கவரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அடுப்பில் போட்டதில் இந்த மாதிரி எத்தனை இருந்திருக்கும்?"

நான் பேசவில்லை. அவரும் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, போனை எடுத்துவிட்டார்.

"அத்தை, நான்தான். உங்கள் வீட்டிலே தாத்தாவின் காகிதக் கட்டு இருக்கிறதே, அதை யாரும் தொட வேண்டாம். நாளைக்குக் காலையிலே முதல் பஸ்ஸுக்கு வருகிறேன்."